சைக்கிள் திருடர்கள் யார்?

திரைப்படம் என்றதும் நம் கண்முன் வருபவை யாவை? அழகிய அரங்கங்கள், எவராலும் வெல்ல முடியாத கதாநாயகன், முடிவில் மங்களம்! இவை எதுவும் இல்லாமலே சிறந்த படம் எடுக்கலாம் என்று காட்டியது இத்தாலி நாடு.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி சீரழிந்தது. ரோம் நகரில் 1937-இல் திறக்கப்பட்ட சினிசிட்டா என்னும் மாபெரும் படப்பிடிப்பு நிலையம் குண்டுவீச்சுக்கு இலக்காகி, பின்னர் அகதிகள் முகாமாயிற்று. பணம் இல்லை; படச்சுருளுக்கும் தட்டுப்பாடு. என் செய்வது? இயக்குநர்கள் காமிராவுடன் தெருவுக்கு வந்தனர். 1945-இல் ரொசெலினி ‘ரோம், திறந்த நகரம்’ என்ற படத்தை அளித்தார். அதில் நாஜிகளுக்குப் பணியாமல் உயிர் துறக்கும் குருவானவரை மறக்க இயலாது. இவ்வகைப் படங்கள் ‘புதிய யதார்த்தவாதம்’ எனப் பெயர் பெற்றன.

இவற்றுள் மணிமுடி, டி சிக்கா 1948-இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’. அந்தோனியோ என்ற ஏழைக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. அதுவோ அடகில்! மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள். முதல் நாளே அது களவு போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் தேடுகின்றனர். திருடிய இளைஞனைக் கண்டுபிடித்தும் சாட்சி இல்லை. மனமுடைந்த தந்தை வேறொருவரின் சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்முன்னே பிடிபடுகிறார். சிறுவனைக் கண்டு இரங்கி, சைக்கிளின் சொந்தக்காரர் அவரை விட்டுவிடுகிறார். கண்ணீர் வடிக்கும் தந்தையின் கையைப் புரூனோ பற்றிக்கொள்ள, இருவரும் கூட்டத்தில் மறைகின்றனர்.

பிறகு என்ன ஆயிற்று? படம் சொல்லவில்லை. தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுவதுதான் இதன் புதுமை. தந்தையாக நடித்தவரும் நடிகர் அல்லர். உண்மையான ஆலைத் தொழிலாளியே.

இக்கதையைப் பற்றி எங்களுக்குள் பெரும் வாக்குவாதம். “திருட்டு திருட்டுதான்” என்றோம் சிலர். “பசித்த வீட்டை நினைத்துப் பாருங்கள்” என்றோம் சிலர். பிறகுதான் தலைப்பைக் கவனித்தோம். அமெரிக்காவில் அதைச் ‘சைக்கிள் திருடன்’ என ஒருமையாக்கினர். ஒருமை என்றால் பழி அந்த இளைஞனோடு நின்றுவிடும். பன்மை என்றால் நாம் நல்லவர் என நம்பிய தந்தையும் அதில் சேர்கிறார். அந்த இளைஞனின் வீடும் ஏழை வீடுதான் என்று படம் காட்டுவதன் பொருள் அப்போது விளங்கியது.

இவ்விதை பல நாடுகளில் முளைத்தது. 1950-இல் லண்டனில் இப்படத்தைக் கண்ட சத்யஜித் ரே, 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தந்தார். பிரான்சில் ‘புதிய அலை’ எழுந்தது. துருஃபோ 1959-இல் எடுத்த ‘நானூறு அடிகள்’ படத்தில், கடலோரம்வரை ஓடிவந்த சிறுவன் நம்மைத் திரும்பிப் பார்க்கிறான். அந்த முகத்தை அப்படியே அசையாமல் நிறுத்திப் படத்தை முடித்தார். அவன் கதிக்கும் விடையில்லை.

விடை சொல்லாத படங்கள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. இனி ஒருவரைத் ‘திருடர்’ என்று சொல்லுமுன், அவர் வீட்டு வாசல்வரையேனும் நடந்து பார்ப்போமாக!