சிறு டிராக்டரில் சுழற்கலப்பை: பொருத்தும் முறையும் பயன்படுத்தும் முறையும்

உழவின் நோக்கம் மண்ணைக் கிளறுவது மட்டுமன்று. விதை முளைப்பதற்கும் வேர் ஓடுவதற்கும் ஏற்ற பதத்தில் மண்ணை வைப்பதே அதன் நோக்கமாகும். நாட்டுக் கலப்பையைக் கொண்டு இப்பதத்தைப் பெற வேண்டுமானால் நிலத்தைப் பல சால் உழுது, கட்டிகளை உடைக்கப் பரம்பும் அடித்தல் வேண்டும். ரோட்டவேட்டர் என்று பொதுவாக வழங்கும் சுழற்கலப்பை, இவ்வேலைகளை ஓரிரு ஓட்டங்களில் முடித்துவிடுகிறது. ஆயினும், மண்ணை விரைவில் பதப்படுத்தும் இக்கருவி, அளவு தவறினால் அதே விரைவில் மண்ணைக் கெடுக்கவும் வல்லது; கவனக் குறைவால் உயிருக்கே ஊறு விளைவிப்பதும் உண்டு. எனவே, புதிய கருவியை வயலில் இறக்குமுன் அறிய வேண்டியவற்றை ஈண்டு விளக்குவோம்.

திருப்பதி மாவட்டத்து ஏர்பேடு, ரேணிகுண்டாவுக்கும் திருக்காளத்திக்கும் இடையே உள்ளது. 2022-ஆம் ஆண்டு வரையில் இது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இவ்வட்டாரத்தில் செம்மண் நிலங்கள் மிகுதி. நெல்லும் நிலக்கடலையும் முக்கியப் பயிர்கள். சிறு நிலங்களிலும் மாந்தோப்புகளின் மர வரிசைகளுக்கு இடையிலும் பெரிய டிராக்டரைத் திருப்புவது கடினம். அத்தகைய இடங்களுக்கு 18 முதல் 25 வரை குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டரும், அதற்கேற்ப ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள சுழற்கலப்பையும் பொருத்தமானவை.

கருவி வேலை செய்யும் விதம்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பார், 1912-ஆம் ஆண்டில் தம் தந்தையின் பண்ணையில் நீராவி எஞ்சினைக் கொண்டு இம்முறையைச் சோதித்தார். நேரான கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தமையால், அவற்றை வளைத்து அமைத்தார். இன்றும் சுழற்கலப்பையின் கத்திகள் பெரும்பாலும் ‘ட’ என்னும் எழுத்தைப் போலவே வளைந்துள்ளன.

டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழல்வது பொது அளவு. கலப்பையின் கியர் பெட்டி இவ்வேகத்தைக் குறைத்து, கத்திகள் பூட்டிய உருளையை நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 முறை சுழலச் செய்கிறது. டிராக்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், நிமிடத்திற்கு 50 மீட்டர் நகரும். உருளையின் ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் ஆகும். ஒரே தடத்தில் மூன்று கத்திகள் வெட்டுமானால், ஒவ்வொரு வெட்டும் எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனமுடையது. வேகத்தை 2 கிலோமீட்டராகக் குறைத்தால் வெட்டு ஐந்தரை சென்டிமீட்டராகிவிடும். மெதுவாகச் சென்றால் மண் பொடியாகும். விரைந்து சென்றால் கட்டி பெரிதாகும். மண்ணின் பதத்தை நிர்ணயிப்பது டிராக்டரின் வேகமே என்பதை இக்கணக்கு தெளிவாக்கும்.

பொருத்தும் முறை

சமதளத்தில் டிராக்டரை நிறுத்தி, பிரேக் இட்டு, எஞ்சினை அணைத்த பின்னரே பொருத்தத் தொடங்க வேண்டும். முதலில் இடப்புறக் கீழ்க்கையையும், அடுத்து வலப்புறக் கீழ்க்கையையும், இறுதியில் மேற்கையையும் மாட்டுதல் எளிது. கழற்றும்போது இம்முறை தலைகீழாகும்.

அடுத்து இணைப்புத் தண்டின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். இத்தண்டு, ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு பகுதிகளைக் கொண்டது. கருவியை உயர்த்தித் தாழ்த்தும்போது இது சுருங்கி நீளும். நீளம் மிகுந்திருந்தால், சுருங்க இடமின்றி டிராக்டரின் பி.டி.ஓ. பாகத்தையோ கலப்பையின் கியர் பெட்டியையோ இடித்து உடைத்துவிடும். குறைந்திருந்தால் வேலையின் நடுவே கழன்று சுழலும். இரு பகுதிகளையும் பிரித்து, ஒன்றை டிராக்டரிலும் மற்றதைக் கலப்பையிலும் மாட்டி, கருவி டிராக்டருக்கு மிக அருகில் வரும் நிலையில் அவற்றைப் பக்கத்தில் பக்கமாகப் பிடித்து அளத்தல் வேண்டும். அந்நிலையில் சுமார் 2½ சென்டிமீட்டர் இடைவெளி எஞ்சுமாறு, இரு தண்டுகளையும் அவற்றின் உறைகளையும் ஒரே அளவில் வெட்டி, முனைகளை அரத்தால் தேய்த்து, கிரீஸ் இடவேண்டும். தண்டு முழுதும் நீண்ட நிலையிலும் ஒன்றினுள் ஒன்று போதிய அளவு நுழைந்திருத்தல் அவசியம்.

கியர் பெட்டியில் உரிய எண்ணெய் அளவுக்கோடு வரை உள்ளதா என்பதை முதல் ஓட்டத்திற்கு முன் பார்க்கவும். கருவி இடம் வலமாகச் சாயாதபடி வலப்புறத் தூக்குக் கம்பியையும், முன் பின்னாகச் சாயாதபடி மேற்கையையும் திருத்தவும். உழவின் ஆழத்தை இரு பக்கத்துச் சறுக்குத் தகடுகள் கட்டுப்படுத்தும். முதல் ஒரு மணி நேர வேலைக்குப் பின் கத்திகளின் போல்ட்டுகளை மறுபடி முடுக்குதல் வேண்டும்.

உயிருக்கு ஊறு

நிமிடத்திற்கு 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்றாகும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு, ஒரு நொடியில் ஏறத்தாழ 1.4 மீட்டர் துணியைத் தன் மீது சுற்றிக்கொள்ளும். தோள் துண்டின் நுனியோ முந்தானையோ பட்டால், கூவி முடிப்பதற்குள் ஆளையும் இழுத்துவிடும். ஆகவே, தண்டின் மீதுள்ள உறையை ஒருபோதும் அகற்றலாகாது. கத்திகளில் சிக்கிய கொடியையோ வைக்கோலையோ நீக்குமுன் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். உழும்போது கருவியின் மீது எவரும் ஏறி நிற்றல் கூடாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. கத்திகள் சக்கரங்கள் சுழலும் திசையிலேயே சுழல்வதால், இறுகிய நிலத்தில் அவை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். எடை குறைந்த சிறு டிராக்டரில் இத்தள்ளல் மிகுதியாக உணரப்படும். ஆதலால் உருளையைத் தரைக்குச் சற்று மேலே சுழலவிட்டு, டிராக்டர் நகரத் தொடங்கியபின் மெல்லத் தாழ்த்துக. கத்திகள் மண்ணில் இருக்கையில் வண்டியைத் திருப்புதலும் பின்னோக்கிச் செலுத்துதலும் தவறு.

செம்மண்ணில் கவனிக்க வேண்டியவை

ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்க்கவும். அது உருண்டையாகி, கீழே விட்டால் உதிருமானால் அதுவே உழவுப் பதம். நீர் கசிந்தால் பொறுத்திருக்க வேண்டும். முதல் ஓட்டம் 7 அல்லது 8 சென்டிமீட்டர் ஆழம் போதும். இரண்டாவது 10 முதல் 12 வரை செல்லலாம். மண் பொடியாவதைக் கண்டு மகிழ்ந்து மேலும் ஓட்டுவதே வழக்கமான பிழையாகும். மிகைப்பட நொறுங்கிய செம்மண், ஒரு மழைக்குப் பின் காய்ந்ததும் மேலே பொருக்கிட்டு, நிலக்கடலை முளை வெளிவராமல் தடுத்துவிடும். நெல் விதைகள் அளவுள்ள துகள்களோடு கோலிக்குண்டு அளவுள்ள சிறு கட்டிகளும் கலந்திருப்பதே நலம்.

ஈர மண்ணில் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் சுழற்கலப்பையை ஓட்டினால், கத்தியின் தட்டையான அடி மண்ணைப் பூசி மெழுகி, கீழே கடின அடுக்கு ஒன்றை உண்டாக்கும். வேரும் மழைநீரும் அதைத் தாண்டா. இதைப் போக்க, சில ஆண்டுகளுக்கொருமுறை கோடையில் உளிக்கலப்பையால் ஆழ உழுதல் வேண்டும்.

களப் பணியாளர்கள் செயல்முறை விளக்கத்தின்போது, ஒரே வயலில் இரு வேகங்களில் ஓட்டிக் காட்டி, கட்டிகளின் அளவு வேறுபடுவதை உழவரே கண்டறியச் செய்யலாம். ஆசிரியர்கள் மேற்சொன்ன வெட்டுக் கணக்கையும் தண்டின் சுற்றளவுக் கணக்கையும் வகுப்பில் போடச் செய்யலாம். விரிவான பயிற்சி வேண்டுவோர், அனந்தபுரம் மாவட்டத்துக் கார்லதின்னெயில் மத்திய அரசு நடத்தும் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தை அணுகலாம்.