நடக்கச் சொன்னால் போதுமா? வழி வேண்டாமா?

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை... இவற்றில் எதற்காக நீங்கள் வைத்தியரிடம் போனாலும், அவர் ஆங்கில மருத்துவரானாலும் சரி, எங்களைப் போன்ற சித்த மருத்துவரானாலும் சரி, தவறாமல் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. காசு கிடையாது, கசப்பு கிடையாது. தினமும் அரை மணி நேர நடை!

இதைச் சொன்னதும் சென்னையில் பெரியவர்கள் பலர் என்னைத் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நடக்கச் சொல்றீங்க, சரி டாக்டர். எங்கே நடக்கறது?"

நியாயமான கேள்வி. வாசற்படி இறங்கினால் நடைபாதையில் இரண்டு ஸ்கூட்டர் நிற்கிறது. அதைத் தாண்டினால் மின்சாரப் பெட்டி, அப்புறம் டீக்கடை பெஞ்சு. ரோட்டில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஹாரன். எதிர்ப்பக்கம் இருக்கும் பூங்காவுக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டும் என்றால், அது ஒரு கண்டம்! "எதுக்கு வம்பு?" என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். நாளாக ஆக முழங்கால் இறுகுகிறது, சர்க்கரை ஏறுகிறது, பசி மந்தமாகிறது. உடம்பின் அசைவுக்கெல்லாம் வாதமே ஆதாரம் என்பது சித்த மருத்துவம். அசைவு நின்றால் வாதம் கெடும். வாதம் கெட்டால் மற்றதும் கெடும். அதனால்தான் இந்த மாதம் கஷாயத்தையும் சூரணத்தையும் தள்ளி வைத்துவிட்டு, போக்குவரத்து விதிகளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன்.

நாளுக்கு 90 பேர்

முதலில் ஒரு கணக்கு. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். இவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அதாவது ஐந்தில் ஒருவர். நாள் ஒன்றுக்குச் சராசரியாக 90 பேர்! காய்ச்சலில் ஒரு நாளைக்கு 90 பேர் இறந்தால் ஊரே அல்லோலகல்லோலப்படும். பள்ளிக்கூடங்களை மூடுவோம். ரோட்டில் நடந்து போனவர் இறந்தால் மட்டும் "பார்த்துப் போகக் கூடாதா?" என்று இறந்தவரையே குறை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

வேகம் என்கிற விஷம்

நோய் தீர மூலத்தைப் பார்க்க வேண்டும். இந்த நோய்க்கு முதல் மூலம் வேகம்.

ஒரு வண்டி மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் வந்து மோதினால் உடம்புக்குக் கிடைக்கும் அடி, சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது ஒரு மாடி. அதே வண்டி 50 கிலோ மீட்டரில் மோதினால்? கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரம், மூன்று மாடி! வேகம் 30-லிருந்து 50 ஆனாலே அடியின் பலம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. முதல் மாடியிலிருந்து விழுந்தவர் கை கால் முறிந்தாலும் பெரும்பாலும் பிழைப்பார். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவர் கதை உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடியாவது ஆகும். 50 கிலோ மீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 14 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான்! 30 கிலோ மீட்டரில் அது 8 மீட்டர் சொச்சம். குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் இந்த ஆறு மீட்டர் வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் புதிய வேக வரம்புகளை அறிவித்தபோது, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டிக்கும் 30 கிலோ மீட்டர்தான் என்று வைத்தார்கள். அது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

மொட்டை மாடிப் பரிசோதனை

இதை இன்றைக்கே உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். மொட்டை மாடியிலோ காம்பவுண்டுக்குள்ளோ டேப்பால் 10 மீட்டர், அதாவது 33 அடி அளந்து கோடு போடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் வழக்கமான நடையில் நடக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தில் விநாடியை எண்ணுங்கள்.

உங்களுக்கு 8 விநாடி ஆகலாம். அப்பாவுக்கு 10. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு 12 அல்லது 13.

இப்போது தெருமுனை சிக்னலுக்கு வாருங்கள். வண்டி ஓடும் ஒரு தடம் சாதாரணமாக மூன்றரை மீட்டர். ஆறு தடம் கொண்ட பெரிய ரோடு 21 மீட்டர். 8 விநாடிக்காரர் அதை 17 விநாடியில் கடந்துவிடுவார். பாட்டிக்கு 25 விநாடிக்கு மேல் வேண்டும். பச்சை மனிதன் விளக்கு 20 விநாடிதான் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி எங்கே நிற்பார்? நடு ரோட்டில்!

சிக்னலுக்கு நேரம் குறிப்பவர்கள் ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அது திடகாத்திரமானவர் நடை. வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், கைத்தடி ஊன்றுகிறவர்கள் நடை அல்ல. பாட்டி மெதுவாக நடப்பது குற்றமில்லை. விளக்கு சீக்கிரம் அணைவதுதான் கோளாறு.

நடைபாதைக்கும் அளவு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிமுறைப்படி, நடக்கிற இடம் குறைந்தது 1.8 மீட்டர், சுமார் ஆறடி அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். உயரம் 15 சென்டி மீட்டருக்கு, அதாவது அரை அடிக்கு மேல் போகக் கூடாது. ஒன்றரை அடி உயரத்துக்குக் கட்டி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறக்கி ஏற்றினால், மூட்டு வலிக்காரர் என்ன செய்வார்? ரோட்டில்தான் நடப்பார்.

சட்டம் யார் பக்கம்?

"ரோடு வண்டிக்குத்தானே சார்?" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத ஜீப்ரா கோட்டில் ஒருவர் கடக்கிறார் என்றால், வண்டி ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. நடைபாதை மேல் வண்டியை ஏற்றுவதும் நிறுத்துவதும் விதிமீறல். சிவப்பு விளக்கில் பாய்வது, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது எல்லாம், ஆபத்தாக ஓட்டியதாகக் கொண்டு சிறைத் தண்டனை வரை கொடுக்கக்கூடிய குற்றங்கள் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது.

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நடப்பவர்களுக்கு நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம், மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்று சொன்னது. இந்த வழக்கு எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. முறிந்த எலும்புகளைச் சேர்த்து வைக்கும் மருத்துவர் ஒருவர், எலும்பு முறியாமலிருக்க வழி தேடி நீதிமன்றப் படியேறியிருக்கிறார்.

சென்னை மாநகராட்சியும் 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அபராதமும் ஒரு மருந்துதான்

அப்படியானால் ஏன் குணமாகவில்லை? மருந்து எழுதியாயிற்று, வேளாவேளைக்குக் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் பலமடங்கு உயர்த்தப்பட்டன. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் பெரிய மருந்தை எப்போதோ ஒரு நாள் கொடுப்பதைவிட, சின்ன மருந்தை நாள் தவறாமல் கொடுப்பதுதான் பலிக்கும். அபராதமும் அப்படித்தான். தொகை எவ்வளவு என்பதைவிட, தப்ப முடியாது என்ற நினைப்புதான் காலை பிரேக்குக்குக் கொண்டு போகும். பத்து தடவை ஜீப்ரா கோட்டின் மேல் வண்டியை நிறுத்தி, பத்து தடவையும் யாரும் கேட்கவில்லை என்றால், பதினோராவது தடவை அந்தக் கோடே கண்ணுக்குத் தெரியாது.

ஹெல்மெட் சோதனை தேவைதான். ஆனால் அது ஓட்டுகிறவர் தலையைக் காக்கும். நடக்கிறவர் காலைக் காக்காது. நிறுத்தக் கோட்டைத் தாண்டியவர், "ஃப்ரீ லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டு நடப்பவர் நடுவே நுழைகிறவர், நடைபாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், இவர்களையும் தினமும் பிடிக்க வேண்டும். கேமரா இருக்கிற சந்திப்புகளில் இது முடியாத வேலை அல்ல.

வீட்டில் சொல்ல வேண்டியவை

போலீஸ் செய்ய வேண்டியது ஒரு பாதி. மறு பாதி நம் வீட்டில் இருக்கிறது.

1. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகுக்குப் பின்னால் கண் கிடையாது.

2. சாயங்காலம் இருட்டிய பின் வெளிர் நிற உடை உடுத்துங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு எதிர் விளக்கு கூசும். வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது பிடிபடாது. அவர்கள் காலை வெளிச்சத்தில் நடப்பதே நல்லது.

3. தூக்க மாத்திரை, சிலவகை இருமல், சளி மருந்துகள் மந்தம் தரும். ரத்த அழுத்த மாத்திரை சிலருக்குக் கிறுகிறுப்பு தரும். சாப்பிட்ட உடனே ரோட்டைக் கடக்கக் கிளம்பாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டாம்.

4. சின்னக் குழந்தைகளுக்கு வண்டி வரும் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. நிற்கிற இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டால் ஓட்டுபவருக்கும் தெரியாது. பத்து வயது வரை கையைப் பிடித்தே கடக்க வையுங்கள். கையை அல்ல, மணிக்கட்டைப் பிடியுங்கள். உதறிக்கொண்டு ஓட முடியாது.

5. "பையன் டியூஷனுக்குத்தானே போறான்" என்று 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 திருத்தத்தின்படி, அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

6. உங்கள் வண்டி எங்கே நிற்கிறது? கேட்டுக்கு வெளியே நடைபாதையிலா? அடுத்த வீட்டுத் தாத்தா அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்குகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடிபட்டுவிட்டால்...

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கழுத்தை, முதுகை அசைக்காதீர்கள்.

சித்த மருத்துவன் என்ற முறையில் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். முறிவெண்ணெய் நல்ல மருந்துதான். வர்மமும் பெரிய சாஸ்திரம்தான். ஆனால் ரோட்டில் அடிபட்டவருக்கு அவையெல்லாம் பிறகு. முதலில் ஆஸ்பத்திரி, எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் தலைக்கு ஸ்கேன். "அடி ஒண்ணும் இல்லே, லேசா தலை சுத்துது" என்று வீட்டுக்கு வந்து படுத்தவருக்கு, மண்டைக்குள் ரத்தக் கசிவு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். வாந்தி, மயக்கம், தலைவலி கூடுவது, பேச்சுக் குழறல் இருந்தால் நேரம் கடத்தாதீர்கள்.

"உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று இழுப்பார்களே?" என்ற பயம் வேண்டாம். உதவியவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ வற்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டு முறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019-இல் அந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. பணம் கட்டினால்தான் முதலுதவி என்றும் எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் இழப்பீடு உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் உயர்த்தியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேலை. மொட்டை மாடியில் எண்ணினீர்களே, அந்த விநாடிகளை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தெருமுனை சிக்னலில் பச்சை மனிதன் எத்தனை விநாடி எரிகிறான் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். போதவில்லை என்றால், தெருவில் இருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, உங்கள் பகுதிப் போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தில் கொடுங்கள். நடைபாதை உடைந்திருந்தால் சென்னை மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "ரோடு மோசம்" என்று பொதுவாகப் புலம்பினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். "எங்கள் பாட்டிக்கு 25 விநாடி வேண்டும், நீங்கள் 20 தருகிறீர்கள்" என்று எழுதினால், அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.