ஜொகூர்க் கடலின் நீர்மூழ்கிக் கப்பல்கள்

மெர்சிங் துறையிலிருந்து தியோமான் தீவுக்குப் படகேறுவோர் பலர். தெளிந்த நீரையும் பவளப் பாறைகளையும் காணச் செல்லும் அவர்களுள், அக்கடற்பகுதியில் இரண்டு டச்சு நீர்மூழ்கிக் கப்பல்கள் கிடந்தன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. ‘கிடந்தன’ என இறந்த காலத்தில் கூறுவதற்குக் காரணம் உண்டு.

அவற்றுள் ஒன்று ‘ஓ 16’. 1936-ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் கட்டி முடிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின்மீது படையெடுத்தபோது, பட்டாணிக் கரையோரத்து ஆழமற்ற நீருக்குள் இரவில் துணிந்து நுழைந்து, படைகளை ஏற்றி வந்த கப்பல்களைத் தாக்கியது. பின்னர்ச் சிங்கப்பூர் நோக்கித் திரும்புகையில், டிசம்பர் 15 அன்று, தியோமானுக்கு அருகே கண்ணிவெடியில் மோதி மூழ்கிற்று. போர் தொடங்கும் தறுவாயிலேயே ஜப்பானியர் அங்குக் கண்ணிவெடிகளை விதைத்திருந்தனர். கப்பலில் இருந்தோர் 42 பேர். தலைவர் புஸ்ஸெமாக்கர் உட்பட 41 பேர் மாண்டனர். மேற்றளத்தில் நின்ற சிலரே கடலில் வீழ்ந்து நீந்தத் தொடங்கினர். அவர்களும் ஒருவர்பின் ஒருவராக அலையில் மறைய, கொர்னேலிஸ் டி வோல்ஃப் என்னும் மாலுமி மட்டும் ஏறத்தாழ 35 மணி நேரம் நீந்தி, ஜொகூரைச் சேர்ந்த டாயாங் தீவில் கரையேறினார். அவர் பிழைத்திராவிடில் அக்கப்பலின் முடிவு நெடுங்காலம் புதிராகவே இருந்திருக்கும். ஆறு நாள் கழித்து ‘கே 17’ என்னும் மற்றொரு டச்சு நீர்மூழ்கியும் அதே கடற்பகுதியில் கண்ணிவெடிக்கு இரையாயிற்று. அதிலிருந்து எவரும் மீளவில்லை.

‘கே 17’ கிடந்த இடம் 1982-இலும், ‘ஓ 16’ கிடந்த இடம் 1995-இலும் கண்டறியப்பட்டன. தந்தை எங்கே துயில்கிறார் என்று அறியாமலே முதுமை எய்திய பிள்ளைகளுக்கு, அரை நூற்றாண்டுக்குப் பின் ஓர் இடம் கிடைத்தது. போரில் பட்டவனுக்குக் கல் நாட்டிப் பெயரும் பீடும் பொறித்த மரபில் வந்தோர்க்கு, இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்த எஃகுக் கூடே அவர்களுக்கு நடுகல், அதுவே கல்லறையும்.

2019 சனவரியில் ஒல்லாந்து அரசு ஒரு செய்தியை வெளியிட்டது. அவ்விரு கப்பல்களும் கடலடியில் ஏறக்குறைய முற்றிலும் காணாமற் போய்விட்டன! பாரந்தூக்கி பூட்டிய படகுகளில் வந்தோர், இரும்புப் பற்களால் கவ்வித் துண்டு துண்டாக அள்ளிச் சென்றிருக்கின்றனர். எஃகு, செம்பு, பித்தளை, மின்கலங்களின் ஈயம் ஆகிய எல்லாவற்றுக்கும் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. எலும்புக்கு விலை இல்லை. அது என்னவாயிற்று என்பதை எண்ணவே மனம் கூசுகிறது. குவாந்தானுக்கு அப்பால் 1941-இல் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய பெரும் போர்க்கப்பல்களும் இத்தகைய சூறைக்கு ஆளாயின. 2023 மே மாதத்தில் ஜொகூரின் கீழ்க்கரைக்கு அப்பால் மலேசியக் கடல்சார் அமலாக்கப் பிரிவினர் தடுத்து நிறுத்திய சீனக் கப்பல் ஒன்றில், துருப்பிடித்த பழைய பீரங்கிக் குண்டுகள் கிடைத்தன.

இனி, கரையேறிய நீர்மூழ்கிகளைப் பார்ப்போம். மலாக்காவின் கிளேபாங் கடற்கரையில் ‘உவெஸாந்’ என்னும் பிரெஞ்சு நீர்மூழ்கி காட்சிச்சாலையாக நிற்கிறது. 1978-இல் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, பிற்காலத்தில் மலேசிய மாலுமிகளுக்குப் பயிற்சிக் கலமாக விளங்கி, 2011-இல் இங்குக் கொண்டுவரப்பட்டது. மாணவர்கள் உள்ளே நடந்து, குண்டெறி குழாய்களையும், ஒருவன் புரண்டு படுக்கவும் இடமற்ற படுக்கைகளையும் காணலாம். விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படையின் ‘குர்சுரா’ நிற்கிறது. 1969 முதல் 2001 வரை பணிபுரிந்து, 1971-ஆம் ஆண்டுப் போரிலும் பங்குகொண்ட கலம் அது. 91 மீட்டர் நீளமுள்ள அதனைக் கடலிலிருந்து மணல்மீது இழுத்து நிறுத்த ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ரூபாய் செலவாயிற்று. 2002 ஆகஸ்டிலிருந்து மக்கள் பார்க்கின்றனர். ஓய்வுபெற்ற கடற்படையினரே வழிகாட்டுகின்றனர். உப்புக்காற்று எஃகை ஓயாமல் அரிப்பதால், இத்தகைய கலங்களை அடிக்கடி பழுதுபார்த்து வண்ணம் பூசியாக வேண்டும். இழுத்து நிறுத்துவது ஒரு செலவு. காப்பது முடிவில்லாச் செலவு.

ஜொகூர்க் கடலில் போரிட்ட கலம் எதுவும் இவ்வாறு கரையேறவில்லை. 1945 சூலை 31 அன்று ஜொகூர் நீரிணைக்குள் புகுந்து, ‘தக்காவோ’ என்னும் ஜப்பானியப் போர்க்கப்பலின் அடியில் வெடிகளை வைத்தது ‘எக்ஸ்இ 3’. நால்வர் மட்டுமே அடங்கும் சிறு நீர்மூழ்கி அது. முழுதும் திறவாத கதவின் வழியே தன் உடலைக் குறுக்கி வெளியேறிய மகென்னிஸ் என்னும் மாலுமி, கப்பலடியில் அடர்ந்த சிப்பிகளையும் பாசியையும் சுரண்டிவிட்டு வெடிகளைப் பொருத்தினார். அவரும் தலைவர் பிரேசரும் விக்டோரியாச் சிலுவை பெற்றனர். அவர்களுடைய கலமோ போருக்குப் பின் உடைத்து விற்கப்பட்டது. அவ்வகையில் இன்று காணக் கிடைப்பது இங்கிலாந்தின் சாத்தம் துறையிலுள்ள ‘எக்ஸ்இ 8’. அது பிழைத்த விதம் வேடிக்கையானது. குண்டுப் பயிற்சிக்கு இலக்காக 1952-இல் மூழ்கடிக்கப்பட்டதால் இரும்புக் கடைக்குத் தப்பி, 1973-இல் மேலே தூக்கப்பட்டது!

ஆழத்திற் கிடப்பது பத்திரமாயிருக்கும் என்று அன்று நம்பலாம். இன்று நம்ப இயலாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தில் நீரடி மரபுப் பொருள்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. ஆயினும், நடுக்கடலில் இரவில் வந்து போகும் பாரந்தூக்கியைச் சட்டப் புத்தகம் தானாகச் சென்று பிடித்துவிடாது. 2001-இல் யுனெஸ்கோ நீரடி மரபைக் காக்க ஓர் உடன்படிக்கை வகுத்தது. குறைந்தது நூறாண்டு நீருக்குள் கிடந்தவற்றையே அது மரபுப்பொருள் எனக் கொள்கிறது. அக்கணக்கின்படி, ‘ஓ 16’, ‘கே 17’ இரண்டும் காப்புக்கு உரியனவாகும் ஆண்டு 2041.