கண்ணாடித் தொட்டியில் ஒரு பாடம்

வங்காலைக் கடலின் பவளப்பாறைகளை நினைக்கும்போதெல்லாம் என் பழைய கண்ணாடித் தொட்டியும் நினைவுக்கு வரும். கருமேனியில் வெண்பட்டையும் மஞ்சட் செட்டையும் உடைய கோமாளி மீன்கள் இரண்டை, ஒத்த பருமனுடையவை என்று மகிழ்ந்து, அதில் ஒருங்கே விட்டேன். மூன்றாம் நாட் காலையில் ஒன்று செட்டை கிழிந்து இறந்து கிடந்தது.

இவ்வினத்தை 1830இல் உலகுக்கு அறிமுகஞ் செய்தவர், இலங்கைக் கடல் மீன்களைப் படங்களுடன் நூலாக்கிய பென்னற் என்னும் ஆங்கிலேயர். அவற்றின் இல்லறமோ விந்தையானது. கடற்சாமந்தியின் மடியில் வாழும் குடும்பத்தில் பெரியதே பெண், அடுத்தது ஆண், ஏனையவை இனம்பெருக்காத சிறியவை. தலைவி மாண்டால் ஆணே பெண்ணாக மாறும். சிறியவற்றுள் மூத்தது ஆணின் இடத்தை ஏற்கும். 1977இல் பிரிக்கே என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் தம்பதியர் இதனை எழுதினர். பெண்ணானது மீண்டும் ஆணாவதில்லை.

நான் சேர்த்த இரண்டும் பெண்களாயிருந்திருக்கலாம். தொட்டியில் ஒன்றுக்கு ஓடி ஒளிய இடமேது? இணை வேண்டுவோர் பெரியதொன்றையும் சிறியதொன்றையும், அன்றேல் இளங்குஞ்சுகள் இரண்டையும் தேர்தல் வேண்டும்.

பிழை மீனுடையதன்று; என்னுடையதே. அளவொப்புமை வேறு, பொருத்தம் வேறு என்பதை ஓருயிரை இழந்த பின்னரே கற்றேன்.