2¼ கோடி ரூபாய் வீரரும் பெயர் தெரியாத பையனும்

இரவு 9 மணி. சுங்குவார்சத்திரம் டீக்கடை பெஞ்சுகளில் உட்கார இடம் இல்லை. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பாதிப் பேர். கம்பெனி பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள் பாதிப் பேர். பல ஜில்லாக்காரர்கள். ஆனால் சடுகுடு பந்தயம் நடக்கும் நாட்களில் எல்லோர் கண்ணும் செல்போனில்தான். "தமிழ் தலைவாஸ்" கோஷ்டி ஆடுகிறது!

ஜெயித்தால் இன்னொரு டீ. ஆனால் அந்த இரண்டாவது டீ கிடைத்த இரவுகள் குறைவு.

பணம் இல்லாமலா தோற்றார்கள்? இல்லை.

பெரிய பெயர்கள்

"புரோ கபடி" என்ற பந்தயம் 2014-ல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் 2017-ல் சேர்ந்தது. இதில் ஆட்டக்காரர்களை ஏலம் போட்டு எடுப்பார்கள்.

2019-ல் ராகுல் சவுத்ரியை 94 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லார் ஆகியோரும் அதே கோஷ்டியில் இருந்தனர். மூவரும் இந்தியாவுக்காக ஆடியவர்கள். புகழ் பெற்றவர்கள். ஆனால் தாக்கூரும் சில்லாரும் முப்பது வயதைத் தாண்டியிருந்தார்கள். சடுகுடுவுக்கு மூச்சு வேண்டும் அல்லவா?

அந்த வருஷம் ஆடியவை 12 கோஷ்டிகள். தமிழ் தலைவாசுக்குக் கிடைத்த இடம், பன்னிரண்டு!

முதல் நாளே அடி

2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை அந்தப் பந்தயத்தில் யாருக்கும் அவ்வளவு தொகை கொடுத்தது இல்லை.

முதல் ஆட்டம். தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பவனுக்கு முழங்காலில் பலத்த அடி! தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் அவர் மறுபடியும் களம் இறங்கவே இல்லை.

"இனி அவ்வளவுதான்" என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது பாடிப் போக ஒரு புதுப் பையன் வந்தான். பெயர் நரேந்தர். ஏலத்தில் விலை போனவன் அல்ல; புதிய இளைஞர்கள் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டவன். அவனை முன்பின் பார்த்தவர்கள் குறைவு. அந்த ஒரே வருஷத்தில் பாடிப் போய் 243 புள்ளி எடுத்தான்! மடக்கிப் பிடிக்க நின்றவர்களிலும் பலர் சின்ன வயதுக்காரர்கள். தமிழ் தலைவாஸ் முதல் தடவையாக அரை இறுதிக்கு வந்தது.

முழங்காலில் அடிபடாமல் இருந்தால் நரேந்தருக்கு இத்தனை வாய்ப்பு கிடைத்திருக்குமா? சந்தேகம்தான்.

புனே செய்தது

அரை இறுதியில் தமிழ் தலைவாசைத் தோற்கடித்தது புனே கோஷ்டி. அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத் போன்ற இளவட்டங்களைச் சேர்த்து, தோற்றபோதும் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். 2022-ல் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். ஆட்களைக் கலைக்கவில்லை. 2024 மார்ச்சில் கோப்பை அவர்கள் கையில்!

தமிழ் தலைவாஸ் என்ன செய்தது? 2024-ல் மறுபடியும் ஏலம். சச்சினுக்கு 2 கோடியே 15 லட்சம். முதல் ஆறு இடத்துக்குள் வரவில்லை.

முதலாளிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தெரிந்த முகம் இருந்தால்தான் டிக்கெட் விற்கும். விளம்பரம் வரும். பந்தயமோ சில மாதம்தான். ஒரு பையன் தேறி வர நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை யார் காத்திருப்பது?

நம் பிள்ளைகள்

நம் ஊரில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? 2025 அக்டோபரில் பக்ரைனில் ஆசிய இளைஞர் விளையாட்டு நடந்தது. சடுகுடுவில் இந்தியாவுக்கு இரண்டு தங்கம். பெண்கள் கோஷ்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் கோஷ்டியில் வடுவூர் அபினேஷ். தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது.

அது ஜெயித்த பிறகு வந்த பணம். ஜெயிக்கும் முன்பு?

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 18 வயது ஆனதும் கம்பெனி வேலை கூப்பிடுகிறது. "ஆடினது போதும், ஷிப்டுக்குப் போடா" என்கிறார் அப்பா. வீட்டு வாடகையும் தங்கை படிப்பும் அவர் தலையில். அவரைக் குறை சொல்ல முடியுமா? "நாலு வருஷம் பையன் எங்களிடம் இருக்கட்டும், மாதாமாதம் இவ்வளவு தருகிறோம்" என்று ஒரு கோஷ்டி வந்து சொன்னால், அவரும் யோசிப்பார்.