புட்டி நீரும் நோய்க்கிருமியும்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் வழியில் புட்டிநீர் வாங்கிப் பருகுவர். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், மூடியும் இறுகியிருக்கும். எனினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது.

1974ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டில் காலரா நோய் பரவிற்று. மாசு கலந்த ஊற்று நீரைப் புட்டியில் அடைத்து விற்றதும் அதற்கு ஒரு காரணம் என ஆராய்ச்சியாளர் கண்டனர். கரியமில வாயு ஏற்றிய நீரில் அமிலத்தன்மை மிகுதி. ஆதலால் அதில் காலராக் கிருமி நெடிது வாழாது. வாயு ஏற்றாத நீரிலோ அது பிழைத்திருக்கும்.

மூடி வெளித்தூசியைத் தடுக்கும். முன்னரே உட்புகுந்த கிருமியைக் கொல்லாது. ஆகவே, அடைப்பதற்குமுன் நீரைத் தூய்மை செய்தல் இன்றியமையாதது. முத்திரை உடைந்த புட்டியை வாங்குதல் தகாது. ஐயம் எழின், நீரை ஒரு நிமிடமேனும் நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுதலே நலம்.