தேடாமல் கிடைத்த நாட்குறிப்பு

தேடிப் போன மூலிகை காலில் இடறியது என்பர் நம் முன்னோர். தேடாத மூலிகையும் சில வேளை காலில் இடறுவதுண்டு. இணையத்தில் பழைய நூல்களைப் புரட்டுவோர் இதை நன்கு அறிவர்.

புதுச்சேரி மக்கள் சம்பாக் கோவில் என்று அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தின் பழைய வரலாற்றை அறிய விரும்பி, இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தில் தேடினோம். கேட்ட நூல் அகப்படவில்லை. அதற்குப் பதிலாக ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நம் கண்முன் வந்து நின்றது.

ஆனந்தரங்கர் (1709–1761), பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். துறைமுகத்திற்கு வந்த கப்பல்கள், துணி வணிகம், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான செய்தி எனத் தாம் கண்டதையும் கேட்டதையும் 1736 முதல் அன்றைய பேச்சுத் தமிழிலேயே எழுதி வந்தார். அவர் மறைந்தபின் அவ்வேடுகள் உலகின் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தன. 1846இல்தான் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்தார். பின்னர் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சாயின. அன்று பெரிய நூலகங்களிலேயே காணக்கூடியதாயிருந்த அத்தொகுதிகளை, இன்று நம் பிள்ளைகள் செல்பேசியிலேயே படிக்கலாம்.

ஆனால் அந்நூலில் நம் நெஞ்சைச் சுடும் பக்கங்களும் உண்டு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட வேளையில், இயேசு சபையாரின் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அச்சபைக் குருக்கள் நெடுநாளாய் அதனை வற்புறுத்தி வந்தவர்கள். நகரத்து இந்துக்கள் அன்று அடைந்த துயரத்தை ஆனந்தரங்கர் மனம் வெதும்பி எழுதியுள்ளார்.

இப்பக்கங்களை மூடிவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போகலாமா? போகலாகாது. நமக்கு இனிப்பதை மட்டும் பொறுக்கியெடுப்பது வரலாறன்று. திருச்சபை மக்கள் இழைத்த தவறுகளுக்காக 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார் அன்றோ? அத்துணிவு நமக்கும் வேண்டும். வேதபுரீசுவரர் கோவில் பின்னாளில் வேறிடத்தில் எழும்பி, இன்றும் வழிபாட்டில் உள்ளது. அயலாருடன் அன்பாய் வாழ விரும்புவோர் அவர்களுடைய பழைய காயத்தையும் அறிந்திருத்தல் நன்று.

அதே வேளையில், ஏட்டில் உள்ளது என்பதற்காக எதையும் அப்படியே விழுங்கிவிடுதலும் முறையன்று. எழுதியவர் யார், எவருடன் நட்பு, எவருடன் பகை என்று ஆராய வேண்டும். டூப்ளேயின் மனைவிக்கும் ஆனந்தரங்கருக்கும் இணக்கமில்லை. அம்மையாரைப் பற்றி அவர் எழுதுவதை அதனை மனத்திற் கொண்டே எடைபோட வேண்டும். தேடுவோருக்கு மற்றொரு குறிப்பு: இணையப் பட்டியல்களில் ஒரே பெயரைப் பலவாறு எழுத்துக் கூட்டியிருப்பர். ஒருவகையில் கிட்டாத நூல் மறுவகையில் கிட்டும்.

இறுதியாக ஒன்று. இணையத்தில் ஏறாத ஏடுகள் இன்னும் எத்தனையோ! பாட்டனாரின் கணக்குப் புத்தகம், கப்பலேறிப் போனவர் எழுதிய கடிதம், பழைய திருவிழா மலர் ஆகியவை நம் வீட்டுப் பரண்களிலேயே உறங்கக்கூடும். ஆனந்தரங்கரின் ஏடுகள், எவரும் கேளாத காலத்திலும் அழியாமல் இருந்ததனாலன்றோ நம் கைக்கு எட்டின! ஆதலின் பழைய தாள்களை எடைக்குப் போடுமுன், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து அவற்றைப் புரட்டிப் பார்ப்போமாக.